பொய் ஆணி

சர்க்கரைக் கிழங்கு பிடுங்கி முடித்த வயல். நவம்பர்.
லொலாந்துத் தீவில் குன்று கிடையாது.
கடலில் கிளம்பிய காற்று எதிலும் முட்டாமல்
நேராக எங்கள் சட்டைக்குள் வந்துதான் நிற்கும்.

தோர்கில் முன்னால், நான் பத்தடி பின்னால்.
ஆளுக்கொரு கருவி. நாய் மூக்குப் போலத்
தரையைத் தொடாமல் முகர்ந்துகொண்டே போகும் தட்டு.

இருபத்திரண்டு வருஷம் இப்படி.
கிடைத்ததைச் சொன்னால் சிரிப்பீர்கள்:
பீர் பாட்டில் மூடி வாளி வாளியாக,
பரம்புப் பல், பால் கேனின் காது,
ஸ்வீடன் சிப்பாய் ஒருவனின் கோட்டுப் பொத்தான்
என்று தோர்கில் ஒரு மாதம் கொண்டாடியது.
தையற்கடைப் பொத்தான், வயது எழுபது என்று
மியூசியத்திலிருந்து மெட்டே பதில் எழுதினாள்.

இரும்பு முனகும்.
ஈயம் தொண்டையைச் செருமும்.
வெள்ளிக்கு மட்டும் ஒரு கீச்சு,
அவ்வளவு மெல்லிசு. முதல்முறை கேட்டவன்
தன் காதையே நம்பாமல் தட்டைத் திரும்ப வீசுவான்.

போன மாதம் ஒரு ஞாயிறு
அவன் காலடித் தடத்துக்குள் கீச்சிட்டது என் கருவி.
பூட்ஸ் அழுத்திய பள்ளத்தில்
தண்ணீர்கூட இன்னும் ஊறி முடியவில்லை.
இப்போதுதான், இரண்டு முறை,
அவன் தட்டு அந்த இடத்தின் மேல் போய் வந்தது.
நான் பார்த்தேன்.

மண்ணை விரலால் பிளந்தேன்.
மீன் செதிள் கனத்தில் ஒரு காசு,
நடுவில் சிலுவை, ஓரம் யாரோ கத்தரித்தது.
"என்ன?" என்று கத்தினான்.
இப்போதெல்லாம் எதற்கும் கத்துகிறான்.
"மூடி," என்றேன்.

அன்றிரவு சோறு இறங்கவில்லை.
எத்தனை வருஷமாக அவனுக்கு ஆணியும் லாடமும் மட்டும்!
ராசியில்லாதவன் என்று பெயர் வைத்திருக்கிறோம்.
முப்பது வருஷம் படகின் எஞ்சின் அறை
அவன் காதின் மேல்மாடியைத் தின்றுவிட்டிருக்கிறது.
அடுப்பில் கெட்டில் விசிலடித்தால்
பக்கத்தில் இருப்பவன் அசையமாட்டான்,
மாடியிலிருந்து இங்கெலிஸ்தான் இறங்கி வந்து அணைப்பாள்.
கவனித்திருக்கிறேன். யோசித்ததில்லை.

இதை எப்படிச் சொல்வது?
நீ நடந்து கடந்த இடமெல்லாம் வெள்ளி என்றா?

என் தொழுவக் கதவிலிருந்து ஓர் ஆணி பிடுங்கினேன்,
துருப்பிடித்தது, சுண்டுவிரல் நீளம்.
புதன்கிழமை, வயலில் யாருமில்லாதபோது
காசை அதே குழியில் திரும்ப வைத்து
மேலே இரண்டு விரற்கடை மண், அதன் மேல் ஆணி.
காசு அந்த வயலுடையது. இடமும் அதுதான்.
பொய், ஆணி மட்டும்தான்.
இரண்டு நாள் மழை வந்து
என் கைத்தடத்தை அழித்துக் கொடுத்தது.

ஞாயிறு. அந்த வரிசையை அவனுக்கு விட்டேன்.
முனகியது. மண்டியிட்டான்.
இரும்பென்று தெரிந்தும் தோண்டுகிறவன் அவன்,
தோண்டாத குழி தூங்கவிடாது என்பான்.
ஆணி வந்தது. எறியப் போனவன்
ஏனோ கையிலிருந்த மண்கட்டியை உடைத்தான்.

குதிக்கவில்லை.
ஓர் உள்ளங்கையில் காசு, மறு உள்ளங்கையில் ஆணி,
தராசு மாதிரி நின்றான்.
ஆணியைத்தான் அதிக நேரம் பார்த்தான்.
அதன் தலையில் ஒட்டியிருந்தது
என் தொழுவத்தின் பச்சைப் பெயின்ட்.

தேதியும் இடமும் எழுதிக்
காசை மெட்டேவுக்கான உறையில் போட்டான்.
ஆணி அவன் சட்டைப் பைக்குள் போனது,
பையின் பொத்தானையும் மாட்டிக்கொண்டான்.

திரும்பும்போது, வாய்க்கால் பாலத்தில்,
"வெள்ளி எப்படிக் கேட்கும்?
மறந்துபோச்சு," என்றான்.

உதடு குவித்தேன். காற்றில் சரியாக வரவில்லை.
இன்னொரு முறை ஊதினேன்.
அவன் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான்.

தூரத்தில், பண்ணை வாசலில் படுத்திருந்த நாய்
காதை நிமிர்த்தித் தலையைத் திருப்பியது.
அவன் நாயைப் பார்த்தான்.
"அவ்வளவு உயரமா," என்றான்.